ஆண்டு, இடம், அளவு, பலி: விடுபட்டுப்போன ஒரு கட்டம்

வரலாற்றில் அதிக உயிர்களைக் குடித்த நிலநடுக்கங்கள் என்று தேடினால் எல்லாப் பட்டியலும் ஒரே அச்சில்தான் இருக்கும். ஆண்டு, இடம், அளவு, பலி எண்ணிக்கை. ஆட்களைக் கொன்றது எது என்ற கட்டம் மட்டும் இருக்காது. அது தெரியாமல் மற்ற நான்கையும் எத்தனை முறை படித்தாலும் ஒன்றும் விளங்காது.

2010ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 12 அன்று ஹைத்தியில் 7.0. பிப்ரவரி 27 அன்று சிலியில் 8.8. அளவில் ஒரு புள்ளி கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும். ஆக, சிலியில் வெளிப்பட்டது ஹைத்தியைப் போல் ஏறக்குறைய 500 மடங்கு. சிலியில் இறந்தவர்கள் 500 பேருக்குச் சற்று மேல். அதிலும் ஒரு பகுதி சுனாமியால். ஹைத்தி அரசு சொன்ன கணக்கோ 3 லட்சத்தைத் தாண்டுகிறது. மற்றவர்கள் போட்ட கணக்குகள் குறைவுதான், ஆனாலும் பல பத்தாயிரம். நடுக்கத்தின் மையம் தலைநகருக்கு 25 கிலோமீட்டரில், அதிக ஆழமும் இல்லாமல் இருந்தது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் கட்டடங்கள். சிலி 1960இல் 9.5ஐத் தாங்கிய நாடு. கருவிகளில் பதிவானவற்றில் அதுவே மிகப் பெரியது. அங்கே கட்டட விதிகளை உண்மையாகவே கடைப்பிடிக்கிறார்கள்.

கான்கிரீட் கட்டடம் எந்த இடத்தில் தோற்கிறது என்று பார்க்க, ஒரு பில்லரின் உள்ளே போக வேண்டும். நிற்கும் கம்பிகளைச் சுற்றி ரிங் கட்டுவார்கள். அந்த ரிங்கின் இரு முனைகளையும் 90 டிகிரியில் மடக்கி விட்டுவிடுவதுதான் பழைய வழக்கம். இன்றும் பல இடங்களில் அப்படித்தான் நடக்கிறது. நிலம் குலுங்கும்போது பில்லரின் வெளித்தோல், அதாவது கம்பிக்கு மேலே இருக்கும் கவர், முதலில் உதிர்ந்துவிடும். 90 டிகிரி முனையைப் பிடித்துக்கொண்டிருந்தது அந்தக் கவர் மட்டுமே. அது போனதும் முனை விரிந்து ரிங் திறந்துகொள்ளும். நிற்கும் கம்பிகள் வெளிப்பக்கம் வளையும், நடுவில் உள்ள கான்கிரீட் கல்லும் மண்ணுமாகக் கொட்டும், பில்லர் உட்கார்ந்துவிடும். மேல் தளம் கீழ்த் தளத்தின் மீது தட்டையாக விழுவது இப்படித்தான். அடுக்கு அடுக்காகக் கிடக்கும் அந்தத் தளங்களுக்கு நடுவே மூச்சு விடக்கூட இடைவெளி இருக்காது.

இதற்கு மாற்று எளிது. முனையை 135 டிகிரி மடக்கி, 65 முதல் 75 மில்லிமீட்டர் நீளம் உள்ளே, பில்லரின் நடுப்பகுதிக்குள் போகும்படி விட வேண்டும். பில்லரின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் ரிங்குகள் நெருக்கமாக வர வேண்டும். எவ்வளவு நெருக்கம்? பில்லரின் குறுகிய அகலத்தில் நாலில் ஒரு பங்கு, மெல்லிய நிற்கும் கம்பியின் விட்டத்தைப் போல் 6 மடங்கு, 100 மில்லிமீட்டர், மூன்றில் எது குறைவோ அது. 300 மில்லிமீட்டர் பில்லரில் 16 மில்லிமீட்டர் கம்பி என்றால் முதல் இரண்டும் 75, 96 என்று வரும், எனவே 75. இதற்கு ஆகும் கூடுதல் கம்பிச் செலவு மொத்தக் கட்டடச் செலவில் ஒரு பொருட்டே அல்ல. கான்கிரீட் போட்ட பிறகு யாராலும் பார்க்க முடியாத இடம் என்பதால்தான் ஏமாற்றுகிறார்கள். போடுவதற்கு முன் நீங்களே போய்க் குனிந்து பாருங்கள்.

கல் வீட்டின் கதை வேறு. 1993 செப்டம்பர் 30, விடியற்காலை 4 மணிக்குச் சற்று முன், மகாராஷ்டிரத்தின் லாத்தூர் பகுதியில் வந்தது 6.2தான். இறந்தவர்கள் 10 ஆயிரத்தை நெருங்குகிறார்கள். மண் சாந்து வைத்துக் கட்டிய தடித்த கல் சுவர்கள். மரக்கட்டைகளின் மேல் வெயிலைத் தடுக்கக் கொட்டிய மண் கூரை. அந்த மண் அரை மீட்டர் இருந்தாலே ஒரு சதுர மீட்டருக்கு 800 கிலோ. உறங்குகிறவரின் தலைக்கு மேல் தொங்கும் எடை அது. சுவரும் உண்மையில் ஒரே சுவர் அல்ல. உள்முகம் ஒன்று, வெளிமுகம் ஒன்று, நடுவே சில்லும் மண்ணும். குலுக்கலில் இரண்டு முகங்களும் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் சாயும். சுவரின் முழு அகலத்துக்கும் நீளும் கற்களைக் கிடைமட்டத்தில் 1.2 மீட்டருக்கு ஒன்று, உயரத்தில் 60 சென்டிமீட்டருக்கு ஒன்று என வைத்து, கதவு ஜன்னல்களுக்கு மேலே வீட்டைச் சுற்றி ஒரு கான்கிரீட் பட்டையும் ஓட்டினால் சுவர்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்.

1923 செப்டம்பர் 1 அன்று டோக்கியோ, யோகோகாமா பகுதியில் இறந்த சுமார் 1,05,000 பேரில் பெரும்பாலோரைக் கொன்றது தீ. நேரம் காலை 11:58. வீட்டுக்கு வீடு மதியச் சமையல் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. இப்போது ஜப்பானில் வலுவான நடுக்கம் வந்தால் வீட்டு எரிவாயு மீட்டரே வாயுவை நிறுத்திவிடுகிறது.

2004 டிசம்பர் 26 என்றால் எல்லோருக்கும் அலைதான் நினைவுக்கு வரும். எனக்கு சிமெலுவே தீவும் நினைவுக்கு வரும். நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்த அந்த இந்தோனேசியத் தீவில் சுமார் 78 ஆயிரம் பேர். இறந்தவர்கள் 7 பேர். 1907இல் அலை அடித்துப் போனதை 'ஸ்மோங்' என்ற ஒரே சொல்லில் பாட்டிகள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். நிலம் வெகுநேரம் ஆடினால் மேட்டுக்கு ஓடு, அவ்வளவுதான். முதல் அலை வரச் சில நிமிடங்களே இருந்தன. எந்த எச்சரிக்கைக் கருவியும் அதற்குள் அவர்களை எட்டியிருக்காது.

எரிமலைக்கு வருவோம். எரிமலை என்றதும் மனக்கண்ணில் ஓடும் செங்குழம்பு, கொல்வதில் கடைசி வரிசையில் நிற்கிறது. பெரும்பாலும் அதைவிட வேகமாக நடந்தே தப்பிவிடலாம். 1985 நவம்பர் 13 இரவு கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் வெடித்தபோது குழம்பு ஊரை எட்டவே இல்லை. வெடிப்பும் சிறியது. ஆனால் உச்சியில் பனிப்பாறை இருந்தது; சூடான சாம்பல் அதில் ஒரு சிறு பங்கை உருக்கியது. அந்த நீர் பள்ளத்தாக்குகளில் இறங்கும்போது வழியிலிருந்த மண்ணையும் பாறையையும் வாரிச் சேர்த்து, ஈரக் கான்கிரீட் போன்ற சேறாகப் பெருத்தது. வெடித்தது இரவு 9 மணிக்குச் சற்றுப் பின். 70 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த ஆர்மெரோ நகரைச் சேறு எட்டியது 11:30 வாக்கில். இடையில் இரண்டரை மணி நேரம்! மேடு நடக்கும் தூரத்தில் இருந்தது. ஆபத்துப் பகுதிகளைக் குறித்த வரைபடம் முந்தைய மாதமே தயார். ஆர்மெரோ அதில் இருந்தது. 1845இலும் அதே வழியில் சேறு வந்திருந்தது, அந்தச் சேறு படிந்த நிலத்தின் மேல்தான் நகரமே எழுந்திருந்தது. மொத்தம் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இதை எத்தனை முறை படித்தாலும் ஆறுவதில்லை.

அதன் பிறகுதான் அமெரிக்கப் புவியியல் ஆய்வகம், எந்த நாட்டில் எரிமலை விழித்தாலும் கருவிகளோடு போய் உதவ ஒரு குழுவை அமைத்தது. 1991இல் அந்தக் குழு பிலிப்பைன்ஸ் ஆய்வாளர்களோடு பினடூபோ எரிமலையடியில் இருந்தது. ஜூன் 15இன் பெருவெடிப்புக்கு முன் பல்லாயிரம் பேர் வெளியேற்றப்பட்டார்கள். அன்றைக்கே யூன்யா புயலும் வந்து சேர்ந்ததுதான் கொடுமை. மழையை உறிஞ்சிய சாம்பல் கூரைகளை அமுக்கியது. அன்று இறந்தவர்களில் பெரும்பாலோர் தங்கள் கூரைக்கடியில் இறந்தார்கள்.

10 சென்டிமீட்டர் காய்ந்த சாம்பல் ஒரு சதுர மீட்டருக்கு 40 முதல் 70 கிலோ. நனைந்தால் 100 முதல் 200 வரை போகும். எனவே சாம்பல் விழும் ஊரில் மழைக்கு முன்பே, சில சென்டிமீட்டர் சேரும்போதே கூரையைச் சுத்தம் செய்ய வேண்டும். மழைநீர்க் குழாயின் வாயை முதலில் அடைத்துவிடுங்கள், இல்லையென்றால் உள்ளே சிமென்ட் போல இறுகிவிடும். தூசி பறக்காத அளவுக்கு மட்டும் தண்ணீர் தெளித்து, பலகையால் வழித்துத் தள்ளுங்கள். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக் கூரையைக் கழுவக் கூடாது. இரு பக்கமும் சமமாக வழிக்க வேண்டும், ஒரு பக்கமே பாரம் நின்றால் சாய்ந்துவிடும். முகத்தோடு ஒட்டும் முகமூடி கட்டாயம். கூரை ஏற்கெனவே தொய்ந்திருந்தால் மேலே ஏறவும் வேண்டாம், அடியில் நிற்கவும் வேண்டாம்.