லாங்கோலனில் ஒரு ‘புது மாளிகை’

வடக்கு வேல்ஸில் ரூவாபன் ரயில் நிலையத்தில் இறங்கி பஸ் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் லாங்கோலன் வந்துவிடுகிறது. டீ (Dee) என்ற ஆறு பாறைகளில் மோதியபடி ஊருக்கு நடுவே ஓடுகிறது. கூட்டமெல்லாம் ஆற்றுப் பாலத்தில் நிற்க, நான் மேட்டுத் தெருவில் ஏறினேன். பல வருடமாகப் பார்க்க ஆசைப்பட்ட வீடு அங்கேதான் இருக்கிறது: ப்ளாஸ் நெவித். வேல்ஸ் மொழியில் ‘புது மாளிகை’ என்று அர்த்தம்.

எலினார் பட்லரும் சாரா பொன்சன்பியும் 1780-ல் இங்கே குடிவந்தபோது அது மாளிகையே இல்லை. கல்லால் கட்டிய சின்ன வீடுதான். வீட்டாரை மீறி அயர்லாந்திலிருந்து கிளம்பி வந்த இரண்டு பெண்கள், ஏறக்குறைய ஐம்பது வருடம் இங்கேயே சேர்ந்து வாழ்ந்தார்கள். அந்தப் பெயரை வைத்ததும் அவர்கள்தான். அப்புறம் பெயருக்கு ஏற்றபடி வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினார்கள்.

எல்லோரும் படம் எடுக்கும் அந்தக் கறுப்பு வெள்ளை முகப்பு அவர்களுடையது அல்ல என்பது எனக்கு அங்கே போகும்வரை உறைக்கவில்லை. எலினார் 1829-லும் சாரா 1831-லும் இறந்துவிட்டார்கள். 1876-ல் வீட்டை வாங்கிய ஜெனரல் யார்க்தான் வெளிச்சுவரில் அந்தக் கறுப்பு மரச்சட்டங்களைப் பதித்தவர். அந்தப் பெண்கள் இன்று திரும்பி வந்தால், முன்பக்கத்தைப் பார்த்து ஒரு நிமிடம் தயங்குவார்கள். பின்னாளில் சேர்த்த ஒரு பகுதி 1963-ல் இடிக்கப்பட்டது. இடித்ததில் எனக்கு வருத்தமே இல்லை. அதனால் வீடு மறுபடி அவர்கள் காலத்து அளவுக்குப் பக்கத்தில் வந்திருக்கிறது.

உள்ளே போனதும் தயக்கமெல்லாம் போய்விடும். கூர்வளைவு வைத்த கதவு, ஜன்னல்களில் பழைய வண்ணக் கண்ணாடித் துண்டுகள், சுவரெங்கும் கறுத்த ஓக் மரச் செதுக்கல்கள். லண்டனிலிருந்து அயர்லாந்து போகும் சாலை இந்த ஊர் வழியாகத்தான் போனது. அதனால் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த், படைத்தளபதி வெலிங்டன் பிரபு என்று வந்தவர்கள் ஏராளம். பழைய மரவேலைப்பாட்டின் மேல் அந்த இரண்டு பெண்களுக்கும் இருந்த ஆசை தெரிந்து, வருகிறவர்கள் ஆளுக்கொரு துண்டு கொண்டுவந்து கொடுத்தார்கள். தேவாலயத்திலிருந்து வந்தது, பழைய கட்டிலிலிருந்து கழற்றியது, பெட்டியிலிருந்து எடுத்தது எல்லாம் ஒரே சுவரில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. மாடிப்படி ஓரமும் அப்படித்தான். இது கட்டிடக் கலைஞர் ஒருவர் வரைந்து கட்டிய அழகு இல்லை; சேர்த்துச் சேர்த்து வந்த அழகு. எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது.

தோட்டத்துப் பள்ளத்தில், ஓடைக்கரையில், பக்கத்து வாலே க்ரூசிஸ் மடாலயத்திலிருந்து வந்த ஞானஸ்நானத் தொட்டியையும் வைத்திருக்கிறார்கள். பார்த்துவிட்டு மேலே ஏறும்போது தூறல் பிடித்துக்கொண்டது. வாசல் முகப்புக்குள் ஒதுங்கினேன்.

அங்கே ஒரு பலகையில் கொடி ஒன்று வளைந்து வந்து, இலை பாதி விரிந்த இடத்தில் ரம்பத்தால் அறுபட்டு நின்றது. ஒட்டினாற்போல் அடுத்த பலகையில் வேறு மரம், வேறு கை, இரண்டு மடங்கு பெரிய இலை. நடுவில் விரல் நகம் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி. மழை விடும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.