தொட்டியைப் புதைத்தோம், தவளைகள் வந்தன

சிட்னிக்குப் புதிதாகக் குடிவருபவர்களுக்கு வீடு, வேலை, பிள்ளைகளின் பள்ளி பற்றியெல்லாம் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறார்கள். பருவத்தைச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. பொங்கல் வைக்கும்போது கோடை கொளுத்துகிறது. சித்திரை பிறக்கும்போது இலை உதிர்கிறது. ஆடியில் கம்பளி இல்லாமல் வெளியே போக முடியாது. நான் தஞ்சாவூர்ப் பக்கம் வளர்ந்தவன். ஐப்பசி பிறந்தால் வானத்தைப் பார்ப்பதும், மழை விட்ட ராத்திரியில் வயல் முழுக்கத் தவளை கத்துவதைக் கேட்டுக்கொண்டே தூங்குவதும் எங்கள் ஊரில் எல்லோருக்கும் பழக்கம். சிட்னியில் அப்படித் தனியாக ஒரு மழைக்காலமே கிடையாது. எந்த மாதத்திலும் கொட்டும், மாதக்கணக்கில் ஏமாற்றவும் செய்யும். இந்த ஊரின் காலம் எனக்குப் பிடிபட்டது தவளைகளால்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் வந்தது 2019 கடைசியில். நியூ சௌத் வேல்ஸ் முழுக்கக் காட்டுத்தீ. நகரத்துக்குள்ளும் புகை வந்து மூடியது. வெயில் காவி நிறத்தில் அடித்தது. பிள்ளைகளை வெளியே விடவே பயமாக இருந்தது. மேற்குச் சிட்னியின் டூங்காபியில் வாடகைக்கு எடுத்த வீட்டின் பின்தோட்டத்தில் புல் காய்ந்து வைக்கோலாகக் கிடந்தது. இந்த மண்ணில் உயிர் இருக்கிறதா என்றே சந்தேகம் வந்த நாட்கள் அவை. பிறகு 2020 பிப்ரவரியில் நாலு நாளில் சிட்னியில் 390 மி.மீ. மழை. முப்பது ஆண்டுகளில் அப்படி ஒரு மழை பெய்ததில்லை என்றார்கள். மழை நின்ற இரவில் டூங்காபி ஓடைப் பக்கமிருந்து விட்டுவிட்டு ஒரு சத்தம்: டொக்... டொக்... டொக். யாரோ இருட்டில் மரக்கட்டையைத் தட்டுகிறார்கள் என்று நினைத்தேன். எங்கள் ஊர்த் தவளை இப்படிக் கத்தாது.

கோடு போட்ட சதுப்புத் தவளை அது. இங்குள்ளவர்கள் அதன் குரலை டென்னிஸ் பந்து மட்டையில் படும் சத்தம் என்பார்கள். பழுப்பு உடம்பில் நீளவாக்கில் கரும்பட்டைகள், வழுவழுப்பான தோல். ஓடை, வடிகால், மீன் தொட்டி, கவனிப்பாரற்றுப் போன நீச்சல் குளம் என்று தண்ணீர் தேங்கும் எந்த இடத்திலும் வாழும். நகரம் பெருகினாலும் அசராத பிராணி.

அடுத்த மாதமே கொரோனா முடக்கம் வந்தது. 2020 மார்ச்சில் எல்லையை மூடினார்கள். 2021 கடைசி வரை ஊருக்குப் போய் வருவது என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போனது. வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்த அந்த நாட்களில்தான் பின்தோட்டத்தில் ஒரு சிறு குளம் வைப்போம் என்று தோன்றியது. இங்கே கவுன்சில் கிளீன்-அப் என்று ஒன்று உண்டு. வேண்டாத சாமான்களை வீட்டு வாசலில் வைத்துவிட்டால் கவுன்சில் வண்டி வந்து எடுத்துப் போகும். அதற்குள் வேண்டியவர்கள் பொறுக்கிக்கொள்வார்கள். அப்படி ஒரு வாசலில் கிடந்த பழைய குளியல் தொட்டிதான் எங்கள் குளம். வீடு காலி செய்யும்போது குழியை மூடித் தர வேண்டும் என்று ஏஜென்ட் சொன்னார். சரி என்று எழுதிக் கொடுத்தோம்.

தொட்டியைப் பாதிக்கு மேல் மண்ணில் புதைத்து, அடியில் கூழாங்கல் கொட்டி ஆழத்தைக் குறைத்தேன். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் இதில் விளையாட்டுத்தனம் கூடாது. ஆழமில்லாவிட்டாலும் மேலே உறுதியான கம்பிவலை போட வேண்டும். தவளை நுழைகிற அளவுக்கு வலையில் கண் இருந்தால் போதும். ஒரு பக்கம் கல்லையும் மரக்கிளையையும் சரிவாகப் போட்டேன். தொட்டியின் பக்கச்சுவர் வழுக்கும். புதிதாக வால் கரைந்த குட்டித் தவளை ஏற வழி கிடைக்காவிட்டால் மூழ்கிச் செத்துப்போகும். தண்ணீர் மழைத் தொட்டியிலிருந்து பிடித்தது. குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்ல மருந்து கலந்திருக்கும், தவளையின் தோலுக்கு அது ஆகாது. தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, தோல் வழியாகத்தான் உறிஞ்சிக்கொள்கிறது. சுவாசத்தில் ஒரு பங்கும் தோல் வழியாகத்தான். தோட்டத்தில் களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் அடித்துக்கொண்டே தவளை வரவில்லையே என்று வருத்தப்பட்டுப் பயனில்லை.

செடி வாங்க நர்சரிக்குப் போனபோது ஒரு தொட்டியில் நாலு இலை விரிந்த நீர்ச்செடி ஒன்று நின்றது. நார்டூ என்று சீட்டு ஒட்டியிருந்தது. பார்த்த கணமே கை தானாக நீண்டது. எங்கள் வயல் வரப்பில் பறித்துக் கடைந்து சாப்பிட்ட ஆரைக்கீரையேதான்! அதே இனம் இல்லை, ஆனால் அதே குடும்பம். இந்த நாட்டில் கால் வைத்ததிலிருந்து எனக்குத் தெரிந்த முகம் ஒன்றைத் தாவரங்களில் பார்த்தது அன்றுதான். ஆஸ்திரேலியப் பழங்குடிகளுக்கு நார்டூ சோறு போட்ட செடி. அதன் விதை போன்ற காய்களைப் பக்குவமாக இடித்து உணவாக்கினார்கள். பக்குவம் தவறினால் உடம்புக்குக் கேடு என்றும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நார்டூவைத் தண்ணீரிலும் லொமாண்ட்ரா என்ற நீளப்புல்லைத் தொட்டியைச் சுற்றியும் நட்டேன்.

அண்டை வீட்டுக்காரர்கள் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி கொசு. நியாயமான கேள்விதான், டெங்குவைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் நாம். நம் ஊரில் சுகாதாரத் துறை கிணற்றிலும் குளத்திலும் கம்பூசியா மீன் விடும். அந்த நினைவில் இங்கேயும் அதைத் தேடுபவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். ஆஸ்திரேலியாவுக்குக் கம்பூசியா வந்தது 1920-களில், கொசுவை ஒழிக்கத்தான். ஆனால் அது தவளை முட்டையையும் தலைப்பிரட்டையையும் தின்று, வாலைக் கடித்துக் குதறி, ஓடைகளையே தவளை இல்லாமல் ஆக்கிவிடுகிறது. அதற்குப் பதில் பசிபிக் புளூ-ஐ என்ற உள்ளூர்ச் சிறுமீன் கடைகளில் கிடைக்கிறது. கொசுப்புழுவைத் தின்னும், தலைப்பிரட்டையை அநேகமாகச் சீண்டாது. தட்டான் வந்து முட்டையிட்டுவிட்டால் அதன் குஞ்சுகளும் கொசுப்புழுவைப் பார்த்துக்கொள்ளும்.

இரண்டாவது கேள்வியைப் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா கேட்டார்: "தம்பி, தவளை வந்தா பாம்பும் வருமெல்லோ?" வரலாம். செவ்வயிற்றுக் கரும்பாம்புக்குத் தவளைதான் இஷ்டமான இரை, ஓடை ஓரங்களில் அது இருக்கவும் செய்கிறது. புல்லை ஒட்ட வெட்டி, பலகையும் தகரமும் குவித்து வைக்காமல் இருந்தால் பாம்பு ஒளிய இடம் இருக்காது என்றேன். அவருக்கு முழுத் திருப்தி இல்லை. வேலி இடுக்கைப் பலகையால் அடைத்துக்கொண்டார்.

அந்தக் குளிர்காலம் முழுக்கத் தொட்டி சும்மா கிடந்தது. நாள்காட்டிப்படி இங்கே வசந்தம் செப்டம்பர் 1-இல் தொடங்குகிறது. ஆகஸ்ட் கடைசியிலேயே, இரவில் இன்னும் பல் கிட்டும் குளிர் இருக்கும்போது, சமையலறை ஜன்னலுக்கு வெளியே டொக் என்று கேட்டது. எங்கள் தொட்டியிலிருந்துதான்! யாரும் கொண்டுவந்து விடவில்லை. ஓடையிலிருந்து வேலிகளைத் தாண்டி அதுவாக வந்திருக்கிறது. கத்துவது ஆண். அதன் முன்கை தடித்திருக்கும், இடம் பிடிக்க ஒன்றோடொன்று கட்டிப் புரண்டு மல்லுக்கட்டும். தவளை தன் வாயால் கெடும் என்பது நம் பழமொழி. ஆனால் வாயைத் திறக்காத ஆண் தவளைக்குத் துணை எங்கிருந்து வரும்?

ஒருநாள் காலையில் நார்டூ இலைகளுக்கு நடுவே நுரை மிதந்தது. முட்டை வெள்ளைக்கருவை நன்றாக அடித்தால் பொங்கி நிற்குமே, அப்படி ஒரு கையளவு நுரை. யாரோ சோப்புத் தண்ணீர் ஊற்றிவிட்டார்கள் என்று என் மனைவி பதறினாள். குனிந்து பார்த்தோம். நுரைக்குள் கடுகை விடச் சின்னதாகக் கரும்புள்ளிகள் நூற்றுக்கணக்கில். பெண் தவளையின் முன்கை விரல்களில் தோல் மடிப்பு உண்டு. முட்டையிடும்போது கையை மாற்றி மாற்றித் தண்ணீரில் அடித்துக் காற்றுக் குமிழிகளைப் பின்னுக்குத் தள்ளும். அதில்தான் நுரை எழும்புகிறது. முட்டை அதில் சிக்கி மிதக்கும், காற்றும் கிடைக்கும். அடுத்தடுத்த நாட்களில் நுரை பழுப்பேறித் தட்டையானது. அதன் அடியில் கண்ணிமை முடியளவு உயிர்கள் துடித்துக்கொண்டு இருந்தன.

தலைப்பிரட்டைக் காலம் நீண்டது. நம் ஊரில் மழைக்குட்டை வற்றுமுன் அவசரமாகத் தவளையாகிவிடுபவைகளைப் பார்த்தவனுக்கு இவற்றின் நிதானம் ஆச்சரியம். மாதக்கணக்கில் பாசியைச் சுரண்டித் தின்று கொழுக்கும், அவற்றில் பல, குளிர்காலத்தையும் அப்படியே கடத்திவிடும். முதலில் பின்னங்கால் முளைக்கும். முன்னங்கால் தோலுக்குள்ளேயே வளர்ந்து ஒருநாள் திடீரென்று வெளியே வரும். அந்தச் சமயத்தில் அது எதுவும் தின்னாது. வாய் புழுவும் பூச்சியும் பிடிக்கத் தோதாக மாறிக்கொண்டிருக்கும், அதுவரை தன் வாலையே கரைத்து வாழும். பாதி வாலோடு நார்டூ இலைமேல் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்றை என் மகள் பள்ளிக்குப் போகாமல் பார்த்துக்கொண்டே நின்றாள். நானும் அவசரப்படுத்தவில்லை.

அம்மாவிடம் வாட்ஸப்பில் பேசும்போது ஜன்னல் திறந்திருந்தது. "என்னடா, அங்க மழையா? தவளை கத்துற மாதிரி இருக்கே," என்றாள். மழை இல்லை, இங்கே இது வசந்தம் என்றேன். "மழை இல்லாம எதுக்குக் கத்துது?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் இந்த ஊர்க் காலத்தைக் கற்றுக்கொண்டேன். ஆகஸ்டில் டொக். வெப்பம் ஏறி மழையும் சேர்ந்தால் பெரோன் மரத்தவளை. அது அடுக்கடுக்காக விழுந்து விழுந்து சிரிக்கும், இரவு இரண்டு மணிக்குக் கேட்டால் தூக்கிவாரிப் போடும். ஜன்னல் கொசுவலையில் ஒட்டிக்கொண்டு விளக்குக்கு வரும் அந்துப்பூச்சிகளைப் பிடிக்கும். அதன் கண்ணைக் கிட்டத்தில் பாருங்கள்: கண்மணி சிலுவை வடிவில் இருக்கும். முதுகில் மரகதப் பொட்டுகள் தெளித்திருக்கும். வெளிச்சத்தில் சாம்பலாக இருப்பது சற்று நேரத்தில் பழுப்பாகிவிடும்.

இந்தக் குரல்களையெல்லாம் பெயரிட்டுச் சொல்ல உதவியது ஆஸ்திரேலிய அருங்காட்சியகம் 2017-இல் தொடங்கிய ஃப்ராக்ஐடி என்ற இலவச ஆப். போனில் ஒரு நிமிடத்துக்குள் குரலைப் பதிந்து அனுப்பினால், நிபுணர்கள் கேட்டு எந்தத் தவளை என்று சொல்வார்கள். நாம் அனுப்பும் பதிவு ஆராய்ச்சிக்கும் போகிறது. ஆங்கிலத்தில் தடுமாறும் தாத்தா பாட்டிகளும் பேரப்பிள்ளையோடு இதைச் செய்யலாம்.

2021 குளிர்காலம் கொடுமையானது. மேற்குச் சிட்னி ஊரடங்கில் முடங்கியிருந்தது. அதே மாதங்களில் கிழக்கு ஆஸ்திரேலியா நெடுகத் தவளைகள் செத்து விழுந்தன. பகலில் வெட்டவெளியில் சுருண்டு கிடக்கும், பிறகு எழுந்திருக்காது. ஆராய்ச்சியாளர்களால் பயணம் செய்ய முடியவில்லை. செத்த தவளைகளைப் பொதுமக்கள் தங்கள் வீட்டு ஃப்ரீசரில் எடுத்து வைத்து, பிறகு கொடுத்தார்கள். தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சை அதில் பெரும் பங்கு வகித்தது. இதே பூஞ்சைக்குப் பலியான இனங்களில் ஒன்று பச்சைப்பொன் மணித்தவளை. ஒரு காலத்தில் சிட்னியில் எங்கும் கிடந்தது. இன்று அது மிஞ்சியிருக்கும் சில இடங்களில் ஒன்று ஹோம்புஷ் பழைய செங்கல் சூளைக் குழி. 2000 ஒலிம்பிக்குக்கு டென்னிஸ் அரங்கம் கட்ட அந்த இடத்தைத்தான் பார்த்து வைத்திருந்தார்கள். தவளை இருப்பது தெரிந்ததும் அரங்கத்தை வேறிடத்துக்கு மாற்றினார்கள். இப்போது குழிக்கு மேலே வட்டமாக நடைபாலம் போட்டிருக்கிறார்கள். ஸ்ட்ராத்ஃபீல்ட் பக்கம் இருக்கும் நம் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம். ஒரு தவளைக்காக ஒலிம்பிக் நகர்ந்த இடம் அது. எனக்கு இந்த நாட்டின்மேல் மரியாதை வந்த இடமும் அதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கேன் டோடு என்ற நச்சுத் தேரையின் பயத்தில் நம்மவர்கள் செருப்பைத் தூக்குவதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தேரை 1935-இல் கரும்பு வண்டை ஒழிக்கக் குவீன்ஸ்லாந்தில் இறக்கப்பட்டது. உலர்ந்த சொரசொரப்பான தோலும், கண்ணுக்குப் பின்னால் புடைத்த நச்சுச் சுரப்பியும் அதன் அடையாளம். சிட்னியில் அது குடியேறி வாழவில்லை, எப்போதாவது லாரியில் ஒளிந்து வருவதோடு சரி. உங்கள் வாசலில் நிற்பது அநேகமாக நம் சதுப்புத் தவளைதான். சந்தேகமிருந்தால் படமெடுத்துக் கேளுங்கள், அடிக்காதீர்கள்.

2022-இல் சிட்னியில் 2,500 மி.மீ.-க்கு மேல் மழை பெய்தது. பதிவுகள் தொடங்கியதிலிருந்து அவ்வளவு பெய்ததில்லை. அந்த வருடம் தெருவே தவளைச் சத்தத்தில் மிதந்தது. அக்காவும் மனம் மாறினார். அவரும் ஒரு தொட்டி புதைத்துவிட்டு வேலியருகே வந்து, "உங்கட தொட்டியில இருந்து ரெண்டு மூண்டு குஞ்சு தாங்கோவன்," என்றார். தர முடியாது அக்கா என்றேன். உள்ளூர்த் தவளையையும் தலைப்பிரட்டையையும் பிடித்து இடம் மாற்றச் சட்டம் விடாது. அதைவிட, ஒரு தொட்டித் தண்ணீரில் இருக்கும் நோய் அடுத்த தொட்டிக்குப் போய்விடும். செடி நட்டுவிட்டுக் காத்திருங்கள், படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே மட்டும் தொட்டி வேண்டாம் என்று சொன்னேன். நவம்பரில் அவர் தொட்டிக்கு வந்தது சதுப்புத் தவளை இல்லை. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சமே பெரிய பச்சைக் குள்ள மரத்தவளை. லொமாண்ட்ரா இலையில் கால்களை மடக்கி ஒட்டிக்கொண்டிருந்ததைப் போனில் படமெடுத்து வேலிக்கு மேலாக நீட்டினார்.

"பாருங்கோ தம்பி, உங்கட தவளையை விட என்ர தவளைதான் வடிவு."