சுகர் மெஷின் மாதிரி டெங்குக்கு ஒண்ணு எப்ப வரும்?

பாலக்கோடு பக்கம் ஒரு லேப்ல வேலை பாக்குறேன். மழை சீசன்ல காய்ச்சல்னு வர்றவங்க எல்லாம் கேக்குற முதல் கேள்வி "தம்பி, பிளேட்லெட் எவ்ளோ?". முதல் நாளே அத பாத்து என்னங்க தெரியும், அது இறங்க ஆரம்பிக்கிறதே பெரும்பாலும் மூணாவது நாலாவது நாள்தான், மொத நாள்லயே ரத்தத்துல சிக்குறது வைரஸோட என்எஸ்1 புரதம், ஐஜிஎம் (வைரஸ எதிர்த்து உடம்பு செய்யுற ஆன்டிபாடி) எல்லாம் வர அஞ்சு நாள் கிட்ட ஆயிடும்.

அந்த என்எஸ்1-க்கு கார்டு இருக்கு, சீரம் (ரத்தத்துல இருந்து பிரிச்சு எடுக்குற தெளிஞ்ச நீர்) ஒரு சொட்டு விட்டா கால் மணி இருபது நிமிஷத்துல கோடு விழும். சில சமயம் கோடு விழுந்துச்சா இல்லையான்னே தெரியாது, டியூப்லைட்டுக்கு நேரா சாய்ச்சு சாய்ச்சு பாத்துட்டு இருப்போம். இதவிட பெரிய தலைவலி என்னன்னா, ஏற்கனவே ஒருவாட்டி டெங்கு வந்தவங்க உடம்புல இருக்குற பழைய ஆன்டிபாடி என்எஸ்1-ல போய் ஒட்டிக்கிட்டு அத மறைச்சிடும், கார்டு நெகட்டிவ்னு சொல்லிடும். ரெண்டாவது வாட்டி வர்றதுதான் சீரியஸ் ஆக வாய்ப்பு அதிகம், அங்கதான் கார்டு கால வாரும். அதனாலதான் உறுதி பண்ண எலிசா (லேப்ல குழி பிளேட்ல வச்சு பண்ற டெஸ்ட்) கேக்குறாங்க, ஆனா நாலு சாம்பிளுக்காக 96 குழி பிளேட்ட எடுக்க எந்த லேப்புக்கும் மனசு வராது, சாம்பிள் சேரட்டும்னு வச்சிடுவாங்க.

இந்த இடத்துலதான் பயோசென்சார். வீட்ல இருக்குற சுகர் மெஷினே ஒரு பயோசென்சார்தாங்க, ஸ்ட்ரிப்ல என்சைம் இருக்கு, சர்க்கரையோட அது வேலை செய்யுறப்ப வர்ற கரன்ட்ட மெஷின் அளக்குது. என்சைமுக்கு பதிலா ஆன்டிபாடியோ ஆப்டமரோ (சின்ன டிஎன்ஏ துண்டுதான்) ஒட்டி வச்சா என்எஸ்1 வந்து உக்காரும்போது சிக்னல் மாறும், கண்ண இடுக்கிட்டு கோடு தேட வேணாம், நம்பரே வந்துடும்.

கேக்க ஈசிதான். ஆனா சர்க்கரை மில்லிகிராம் கணக்கு, என்எஸ்1 நானோகிராம் கணக்கு, ஒரு மில்லிகிராம்னா பத்து லட்சம் நானோகிராம்! அதோட ரத்தத்துல இருக்குற மத்த புரதமெல்லாம் எலக்ட்ரோடுல அப்பிக்கும், ஜிகா வைரஸுக்கும் கிட்டத்தட்ட இதே புரதம் உண்டு, பழைய ஆன்டிபாடி தொல்லையும் அப்படியேதான் இருக்கும். சுத்தமான பஃபர்ல (ரத்தம் கலக்காத உப்புக் கரைசல்) வேலை செஞ்சுதுன்னு ஒரு ஆராய்ச்சி பேப்பர் வந்தா நான் பெருசா எடுத்துக்க மாட்டேன்.

ஒகேனக்கல் தண்ணி வர்றப்ப ட்ரம்ல புடிச்சு வைக்காத வீடு இங்க கம்மி, ஏடிஸ் கொசுவுக்கு அது போதும். சித்தேரி மலை மேல நர்ஸம்மா சாம்பிள ஐஸ் பெட்டில வச்சு தூக்காம, விரல்ல குத்துன ரத்தத்துலயே பாத்து சொல்ற மாதிரி வரட்டும், மொத ஆளா நான் வாங்க சொல்றேன்.