புழு தூங்கும் இரண்டு நாட்கள்

டிசம்பர் 3, புதன்

பட்டுப்புழுவைக் குஞ்சிலிருந்து வளர்த்துத் தருகிற சாக்கி சென்டரிலிருந்து புழு வந்து இறங்கியது. 150 முட்டைத் தொகுதியில் பொரிந்தவை. இரண்டாம் தூக்கம், அதாவது தின்பதை நிறுத்தித் தோலுரிக்கும் நேரம், முடிந்து எழுந்தவை, நல்ல பசி. காலை ஆறு மணிக்கு ஷெட்டில் 17 டிகிரி. இந்தப் பருவத்துக்கு 26 வேண்டும். இவர் இருந்தால் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கரி போட்டுவிட்டு வந்து படுப்பார். இவர் மாமாவோடு வேலூர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்.

டிசம்பர் 4, வியாழன்

மாமாவுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை.

டிசம்பர் 5, வெள்ளி

நேற்று ராத்திரி நடந்ததை எழுதிவைக்க வேண்டும். குளிர் தாங்காமல் சன்னல் எல்லாவற்றிலும் புழுவைத் தாக்கும் உஜி ஈ நுழையாமலிருக்கக் கட்டிய வலைக்கு மேலே பிளாஸ்டிக் தாளைக் கட்டிவிட்டேன். இரும்புச் சட்டியில் அடுப்புக்கரியைக் கொட்டி, வெளியில் வைத்துப் பற்றவைத்து, கங்கானதும் உள்ளே தூக்கிவந்து வைத்தேன். ஆந்திராவில் எங்கள் குப்பம் பக்கம் எல்லோரும் இப்படித்தான் செய்கிறோம். மல்பெரித் தழை போட்டு முடிப்பதற்குள் நெற்றிப்பொட்டில் வலி. பட்டினி கிடந்ததால் என்று நினைத்தேன். அப்புறம் வாந்தி வருகிற மாதிரி இருந்தது, முழங்கால் துவண்டது. புகை இல்லை, வாடை இல்லை, கண் எரியவும் இல்லை. அப்போதுதான் உறைத்தது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. தாளைக் கிழித்து எறிந்துவிட்டு வாசலில் வந்து உட்கார்ந்தேன். சட்டியை வெளியே இழுக்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

பாப்பா அன்றைக்கு என்னோடு ஷெட்டில் படுக்கிறேன் என்று அடம் பிடித்தாள். வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

டிசம்பர் 6, சனி

மாமா செய்த டிரம் அடுப்பை மாட்டுக்கொட்டகையிலிருந்து இறக்கினோம். அரை டிரம், உள்ளே கம்பிச் சல்லடை, அதன் கீழே சாம்பல் அறை, அதற்கு ஒரு தகட்டு மூடி. மேலே சுவரைத் துளைத்து வெளியே போகிற குழாய். குழாயில் சிட்டுக்குருவிக் கூடு இருந்தது. காலிக்கூடுதான்.

செங்கல் சூளையில் கேட்டு இரண்டு மூட்டை நிலக்கரி வாங்கினேன். அடுப்புக்கரி இதற்கு ஆகாது, சீக்கிரம் எரிந்து தீர்ந்துவிடும். நிலக்கரி நின்று எரியும்.

டிசம்பர் 7, ஞாயிறு

மூன்றாம் தூக்கம். தழை நிறுத்தினேன். 

இவர் போன் செய்தார். சனிக்கிழமை 13ஆம் தேதி நான் வந்தே ஆக வேண்டுமாம். மாமா என்னையும் பார்க்க வேண்டும் என்கிறாராம், டாக்டரும் எல்லோரையும் உட்கார வைத்துப் பேச வேண்டும் என்றாராம். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

விரல் விட்டுக் கணக்குப் போட்டேன். நாளை எழும். நாலு நாள், நாலரை நாள் தின்னும். வெள்ளிக்கிழமை நான்காம் தூக்கத்துக்குப் போகும். கடைசித் தூக்கம், நீளமானது, ஒன்றரை நாள். அந்த ஒன்றரை நாளும் தழை வேண்டாம், யாரும் தொடவும் கூடாது. சூடு மட்டும் இருந்தால் போதும்.

சூடு மட்டும்.

டிசம்பர் 8, திங்கள்

முதல் பரீட்சை. ராத்திரி எட்டுக்கு அடுப்பு நிறையக் கரி போட்டு, கீழ்மூடியைத் திறந்தே விட்டேன். பத்து மணிக்கு டிரம் பழுத்துவிட்டது, ஷெட்டில் 31. ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். விடிகாலை மூன்றுக்குப் பார்த்தால் எல்லாம் சாம்பல். 19.

டிசம்பர் 9, செவ்வாய்

இரண்டாம் பரீட்சை. கீழ்மூடியை முழுக்க அடைத்தேன். ஒரு மணி நேரத்தில் செத்துப்போனது. மேலே தொடாத கரி கறுப்பாக அப்படியே கிடந்தது.

போனில் இவரிடம் அழுதுவிட்டேன். இவர் ஒன்றும் சொல்லாமல் போனை மாமா காதில் வைத்துவிட்டார்.

டிசம்பர் 10, புதன்

மாமா நேற்று பேசியதை மறப்பதற்குள் எழுதுகிறேன். முகமூடிக்குள்ளிருந்து பேசுகிறார், ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் ஒரு மூச்சு. அவர் நீராவி ரயில் எஞ்சினில் ஃபயர்மேனாக, கரி அள்ளிப் போடுகிறவராக, இருந்தவர். ராத்திரி ரயில் ஷெட்டில் நிற்கிற எஞ்சினில் நெருப்பை அணைக்க மாட்டார்களாம். அணைத்தால் காலையில் தண்ணீரை மறுபடி கொதிக்கவைக்கப் பல மணி நேரம் ஆகும். அதனால் நெருப்பைத் தூங்கவைப்பார்களாம். அந்த வார்த்தையைத்தான் சொன்னார்.

கங்கு எல்லாவற்றையும் பின்பக்கமாக ஒதுக்கி மேடாக்கு. அதன் மேலே புதுக்கரி. உடனே மூடாதே. புதுக்கரி முதலில் புகையும், அந்த வாயு எரிந்து தீர வேண்டும். தீராமல் மூடினால் உள்ளேயே சேர்ந்து, கதவைத் திறக்கும்போது குப்பென்று முகத்தில் அடிக்கும். கரிக்கு மேலே சின்னச் சின்னதாக நீலச் சுடர் ஆடும். அது வருகிற வரை காத்திரு. அப்புறம் பழைய சாம்பலை மேலே தூவு, ஓரத்தில் ஒரு கண் விட்டு. கீழ்மூடியை ஒரு விரல் அகலம் திறந்து வை. "மேல்குழாயை மட்டும் எந்தக் காலத்திலயும் அடைக்காதம்மா." இதை மூன்று முறை சொன்னார். மூன்றாவது முறை இருமல் வந்துவிட்டது, இவர் போனை வாங்கிக்கொண்டார்.

ராத்திரி அப்படியே செய்தேன். நீலச் சுடர் வர நாற்பது நிமிடம் ஆயிற்று. ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். கறுப்புக் கரியின் விளிம்பில் ஒன்று எட்டிப் பார்த்தது, அணைந்தது, வேறொரு இடத்தில் முளைத்தது. அப்புறம் மேடு முழுக்கப் படர்ந்தது.

காலை ஆறு மணிக்குச் சாம்பலைக் குச்சியால் கீறினேன். உள்ளே ஆரஞ்சு நிறம். பத்து மணி நேரம்! ஷெட்டில் 24.

டிசம்பர் 11, வியாழன்

ஒரு விரல் என்றால் யாருடைய விரல்? மாமாவின் விரல் என் விரலைப் போல இரண்டு பங்கு. என் விரல் அளவில் 23தான் நின்றது.

டிசம்பர் 12, வெள்ளி

மதியத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தின்பதை நிறுத்தின. தலையைத் தூக்கி அப்படியே அசையாமல் நிற்கின்றன, உடம்பு பளபளப்பாக. தலைக்குப் பின்னால் அந்தச் சின்ன முக்கோணம் தெரிந்தால் தூக்கம் பிடித்துவிட்டது என்று அர்த்தம். நாலு மணிக்கு நூற்றுக்குத் தொண்ணூறு நின்றுவிட்டது. சுண்ணாம்புத் தூள் தூவினேன். குளிரும் ஈரமும் சேர்ந்தால் சுண்ணாம்புக்கட்டி நோய் வந்து, புழு வெள்ளையாக விறைத்துப் போகும். போன வருடம் பார்த்தேன், இந்த வருடம் பார்க்க மாட்டேன்.

சாம்பலை நன்றாகத் தட்டிவிட்டேன். நம் ஊர் நிலக்கரியில் சாம்பல் அதிகம், சல்லடையை அடைத்தால் எந்தக் கரியும் மூச்சுத் திணறிச் செத்துவிடும். பக்கத்து வீட்டு அக்கா பால் கறக்கிற நேரத்தில், காலையிலும் மாலையிலும் வந்து பார்ப்பார். என்ன செய்ய வேண்டும் என்று காட்டினேன். உள்ளே உட்காராதீர்கள், முதலில் கதவைத் திறந்துவிட்டு அப்புறம் போங்கள் என்று இரண்டு முறை சொன்னேன். எதிரெதிர்ச் சன்னலில் ஒவ்வொரு சாண் திறந்துவிட்டிருக்கிறேன். கீழ்மூடிக்குப் பீடிக்கட்டு கனத்தில் ஒரு மரச்சில்லு செருகினேன், அதுதான் இனி அளவு. பாப்பா அக்கா வீட்டில் தூங்குவாள்.

உயர்வு தாழ்வு காட்டும் வெப்பமானியில் ஊசிகளை 25இல் சேர்த்து வைத்தேன். கதவைச் சாத்தியபின் திரும்பத் திறந்து ஒருமுறை பார்த்தேன். ரயில் மல்லானூர் தாண்டும்வரை கையில் கரி வாசனை.

டிசம்பர் 13, சனி

வேலூர். மாமா மிகவும் சின்னவராகிவிட்டார். என்னைப் பார்த்ததும் முகமூடியை விலக்கிக் கேட்டது நெருப்பைப் பற்றித்தான். தூங்க வைத்துவிட்டு வந்தேன் மாமா என்றேன். கையை நீட்டச் சொல்லி, என் ஆள்காட்டி விரலைத் தன் விரலோடு வைத்துப் பார்த்தார். "ஒன்றரை வெச்சியா?" என்றார். மரச்சில்லைச் சொன்னேன். கண்ணை மூடித் தலையாட்டினார்.

டாக்டர் பேசினார். கையெழுத்துப் போட்டோம்.

மாலை ஏழு மணிக்கு அக்கா போன். தெலுங்கில் ஒரே வார்த்தைதான் கேட்டேன், நிப்பு? நெருப்பு?

"நிப்பு உந்தி." நெருப்பு இருக்கிறது.

வார்டு வராந்தாவில் நின்று அதை மாமாவுக்குச் சொல்லப் போனேன். தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பவில்லை.

ராத்திரி முழுவதும் இரண்டு மணிக்கு ஒரு விழிப்பு, மூன்றுக்கு ஒரு விழிப்பு. இங்கே எனக்குப் போட ஒரு கரியும் இல்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

மதியம் ஒரு மணிக்கு வீடு. செருப்பைக்கூடக் கழற்றாமல் ஷெட்டுக்கு ஓடினேன். முதலில் கதவு, அப்புறம் சன்னல், பிறகுதான் வெப்பமானி. தாழ்வு ஊசி 22இல் நிற்கிறது. உயர்வு ஊசி 26. இப்போது 24.

22 எந்த மணிக்கு வந்திருக்கும்? அக்கா காலையில் வந்தபோது கங்கு மேலே தெரியவில்லையாம், குச்சி விட்டுக் கிளறித்தான் கண்டாராம். அதற்குள் குளிர்ந்திருக்கும். அந்தக் குளிர் என்ன செய்தது என்று தட்டுத் தட்டாகப் பார்த்தேன். பெரும்பாலானவை எழுந்துவிட்டன. தோல் சுருங்கி, மங்கலாக, பெரிய தலையோடு. வடக்கு மூலைத் தட்டில் மட்டும் கால்வாசி இன்னும் முக்கோணத்தோடு நிற்கின்றன. முந்தி எழுந்தவற்றுக்குப் பசி, ஆனாலும் தழை போடவில்லை. இப்போது போட்டால் தூங்குகிறவை பின்தங்கிவிடும், கூடு கட்டும்போது இரண்டு செட்டாகிவிடும். வடக்கு மூலைத் தட்டை அடுப்புப் பக்கம் மாற்றினேன்.

ஒன்பது மணிக்கு எல்லாம் எழுந்தன. முதல் தழை போட்டேன்.

டிசம்பர் 15, திங்கள்

மாமா பேசவில்லை. 22 என்று இவர் அவரிடம் சொன்னாராம். கை காட்டினாராம், பரவாயில்லை என்பதுபோல. அல்லது வேறு எதற்கோ.

டிசம்பர் 16, செவ்வாய்

தழை, தழை, தழை. மொத்தத் தீனியில் முக்கால்வாசிக்கு மேல் இந்தக் கடைசி வாரத்தில்தான் போகும். தோட்டத்தில் மூன்று வரிசை மொட்டையாகிவிட்டது.

டிசம்பர் 18, வியாழன்

முகமூடியைப் பகலில் இரண்டு மணி நேரம் எடுத்துவிடுகிறார்களாம். கரி ஒரு கூடைதான் பாக்கி. சூளைக்காரரிடம் சொல்லியாயிற்று. நீலச் சுடர் வருகிறதா என்று பார்க்கப் போகிறேன்.