“வித்தியாசமே இல்லம்மா” என்றேன்

“சார், செவோ போட்டுக்கலாமா? ஐசோல பிரஷர் இறங்கிடாதா?”

நோயாளிக்கு 74 வயது. பெருந்தமனி வால்வு மோசமாகச் சுருங்கியிருந்தது. மயக்க மருத்துவரான நான் மூச்சுக் குழாய் போட்டு முடித்து, ஐசோஃப்ளூரேன் என்ற மயக்க வாயுவின் டயலில் கை வைத்திருந்தேன். செவோஃப்ளூரேன் என்ற இன்னொரு வாயுவைக் கேட்டவர் எங்கள் பி.ஜி. மாணவி. நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன்: “மிரியட் ஆய்வுல 5,400 பேரை வச்சுப் பாத்துட்டாங்க. வித்தியாசமே இல்லம்மா.”

டயலை 1.2 சதவீதத்தில் வைத்தேன்.

தோலைக் கீறுவதற்கு முன், உடலைத் தூண்டிவிட எதுவும் இல்லாத அந்த இடைவேளையில், பிரஷர் 68-க்கு இறங்கியது. ஈசிஜியில் எஸ்டி பகுதி சரிந்தது, இதயத் தசைக்கு ரத்தம் போதவில்லை என்பதன் அடையாளம். டயலை மூடி, பிரஷரை ஏற்றும் ஃபினைலெஃப்ரின் மருந்தை இரண்டு முறை கொடுத்தோம். ஏறிவிட்டது. வால்வை மாற்றினார்கள், அவர் நல்லபடியாக வீட்டுக்குப் போனார். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை.

ஆனால் அந்தப் பதில் என்னை விடவில்லை. 2019-இல் வந்த மிரியட், பைபாஸ் நோயாளிகளைப் பற்றியது. வால்வு நோயாளிகளைப் பற்றியது அல்ல. அதைவிட, அது ஒரு வாயுவை இன்னொரு வாயுவோடு ஒப்பிடவே இல்லை. ஐசோ, செவோ, டெஸ்ஃப்ளூரேன் மூன்று வாயுக்களையும் ஒரே பக்கத்தில் வைத்து, நரம்பு வழி மயக்க மருந்தோடு ஒப்பிட்டு, ஓராண்டு இறப்பில் வேறுபாடு இல்லை என்றது. மாணவி கேட்டதோ அடுத்த பத்து நிமிடத்தைப் பற்றி. எனக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்தும் அந்த எண்ணைச் சொன்னேன். பெரிய எண் ஒன்றைச் சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

செவோ போட்டிருந்தால் இறங்கியிருக்காதா? அப்படியும் சொல்ல முடியாது. இரண்டுமே ரத்தக் குழாய்களை விரிப்பவைதான். ஐசோவில் துடிப்பு கூடுதலாக ஏறலாம், செவோவில் அது குறைவு. சுருங்கிய வால்வுக்குப் பின்னால் தடித்துப்போன இதயத்துக்கு வேகமும் ஆகாது, பிரஷர் குறைவதும் ஆகாது. அதன் சுவருக்கு ரத்தம் போவதே பெரும்பாலும் அது தளரும் நேரத்தில்தான். அன்றைக்குத் துடிப்பு பெரிதாக ஏறவில்லை. அப்படியானால் தப்பு வாயுவில் இல்லை, அளவில்தான் என்று என்னைத் தேற்றிக்கொள்வேன். 1.2 என்பது 40 வயதுக்காரரின் கணக்கு. அதற்கு மேல் பத்து ஆண்டுக்குச் சுமார் 6 சதவீதம் குறைக்க வேண்டும். அந்த நோயாளிக்கு 0.95 போதும்.

சரி, அளவுதான் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் வாயுவை ஒதுக்கிவிட முடியவில்லை. ரத்தத்தில் கரையும் விகிதம் ஐசோவுக்கு 1.4, செவோவுக்கு 0.65 அளவில். அதிகம் கரைவதால், மூடிய பிறகும் ஐசோ மெதுவாகத்தான் இறங்கும். அந்த இரண்டு நிமிடம் எவ்வளவு நீளம் என்பது அந்த மேசைக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். அதே ஐசோவை, வால்வு கசியும் நோயாளிக்கு நான் இன்றும் தயங்காமல் கொடுப்பேன். அங்கே குழாய் விரிவதும் துடிப்பு கொஞ்சம் ஏறுவதும் உதவிதான். அப்புறம் எப்படி ‘வித்தியாசமே இல்லை’?

“நீ சொல்றதும் சரி, ஆனா கைக்குப் பழகின வாயுவை வச்சுக் கவனமா ஓட்டலாம்” என்று சொல்லியிருந்தால் போதும். அது உண்மையாகவும் இருந்திருக்கும். இருபது ஆண்டுகளாக ஐசோவோடு வால்வு கேஸ்கள் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் சிக்கல் இல்லாமல். அந்தப் பழக்கம்தான் டயலைத் திருப்பியது. ஆய்வைப் பிறகு துணைக்கு இழுத்தேன்.

போன வாரம் அந்த மாணவி ஜூனியர் ஒருவருக்குப் பாடம் எடுப்பது காதில் விழுந்தது. “மிரியட்ல பாத்துட்டாங்க, எந்த வாயுவா இருந்தாலும் ஒண்ணுதான்.” கதவருகே நின்றேன். உள்ளே போகவில்லை. அடுத்த மாதம் அவர் பயிற்சி முடித்துக் கிளம்புகிறார்.