ஒன்பதாம் பக்கத்தில் இல்லாத வசனம்

எங்கள் காமிக்ஸில் ஒன்பதாம் பக்கம் பிரமாதம் என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறேன். அந்தப் பக்கத்துக்காக நான் எழுதிய ஒரு சொல்கூட அதில் இல்லை.

கதை தூத்துக்குடி உப்பளத்தில் நடக்கிறது. எழுத்து நான், படம் டொரன்டோவில் இருக்கும் யாழ்ப்பாணத்துத் தோழி, பேச்சுப் பலூன்களுக்குள் வசனத்தை எழுதிவைக்கும் லெட்டரிங் வேலை கோவைத் தம்பி. ஸ்கிரிப்டில் அந்தப் பக்கத்துக்கு ஆறு கட்டங்கள். ஐப்பசி மழை தொடங்குகிறது, குவித்த உப்பை மூட ஓடுகிறார்கள், கடைசிக் கட்டத்தில் பெரியவர் சொல்கிறார்: "மழ பெஞ்சா ஊருக்கெல்லாம் சந்தோசம், நமக்குத்தான் அடுப்பு எரியாது." உப்பளத்தில் வேலை பார்த்த என் பெரியப்பா சொன்னது. மழை மாதங்களில் அங்கே உப்பும் இல்லை, கூலியும் இல்லை. அந்த வரிக்காகத்தான் கதையே எழுதினேன்.

வந்த பக்கத்தில் ஒரே கட்டம். பக்கம் முழுக்கப் பெரியவர் முகம், புருவத்தில் படிந்த உப்பைக் கரைத்துக்கொண்டு கன்னத்துச் சுருக்கத்தில் இறங்கும் ஒரு துளி. கூடவே ஒரு குறிப்பு: "பலூனுக்கு இடம் விடேல்லை. அவற்ற முகமே காணும்."

நமக்கும் டொரன்டோவுக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேர வித்தியாசம், நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பியதும் பத்தரை, அதனால் எங்கள் பேச்சு முக்கால்வாசி எழுத்தில்தான், ஒருவர் தூங்கும்போது மற்றவர் முடிவெடுத்திருப்பார். நான் "சரி" என்று போட்டேன். காலையில் தம்பி கேட்டான், "அண்ணா, அப்ப அந்த வசனத்த எங்க வைக்கட்டுங்க?" எடுத்துவிடு என்றேன்.

அந்த முகம் அவ்வளவு நன்றாக இருந்தது, அதன்மேல் பலூனை ஒட்ட எனக்கு மனம் வரவில்லை. 1972-இல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸைப் படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். இங்கிலீஷ் வசனத்துக்காக வரைந்த பலூனுக்குள் நீளமான தமிழ்ச் சொற்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். நம் கதையில் படத்துக்கு மூச்சுவிட இடம் வேண்டும் என்று முதலில் சொன்னதே நான்தான். அப்புறம் எப்படி மறுப்பது?

ஆனால் தஞ்சாவூர்ப் பக்கத்து வாசகர் ஒருவர், "மழை வந்த சந்தோஷத்தை அந்த முகத்தில் அப்படியே கொண்டுவந்துட்டீங்க" என்றார். விவசாயக் குடும்பம், மழை என்றால் அவருக்கு அதுதான். தோழியிடம் சொன்னபோது, "அப்பிடியும் வாசிக்கலாம்தானே" என்றாள். வாசிக்கலாம்தான், படத்தில் அதைத் தடுக்க எதுவும் இல்லை. ஆனால் அடுப்பு எரியாத வீட்டுக்காரர் முகத்தில் ஊராரின் சந்தோஷத்தைப் பார்க்கும்படி ஆகிவிட்டதே என்று எனக்கு ஆறவில்லை.

1960-களில் அமெரிக்காவின் மார்வெல் காமிக்ஸில் ஸ்டான் லீ கதைச் சுருக்கம் கொடுப்பார், ஜாக் கிர்பி பக்கம் பக்கமாக வரைவார், அதற்குப் பிறகு லீ வசனம் போடுவார். யாருடைய பங்கு எவ்வளவு என்று இன்றைக்கும் சண்டை நடக்கிறது. அங்கே வசனம் எழுதுகிறவருக்காவது கடைசி முறை கிடைத்தது. எங்களுக்குள் கடைசிச் சொல் யாருடையது என்று நாங்கள் பேசியதே இல்லை. நண்பர்களுக்குள் அதெல்லாம் எதற்கு என்றிருந்தோம். இனிமேல் வரைவதற்கு முன் சின்னதாகக் கட்டம் பிரித்துக் காட்டிவிட வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அப்போதே அப்படிக் காட்டியிருந்தால் ஆறு கட்டம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருப்பேன், அந்த முகம் பிறந்தே இருக்காது.

பத்தாம் பக்கத்து முதல் கட்டத்தில் வானம் காலியாக இருக்கிறது, மறுபதிப்பில் வசனத்தை அங்கே வைக்கலாம் என்கிறான் தம்பி. வைத்தால் அந்த முகத்துக்கு அது விளக்கவுரை ஆகிவிடும், வைக்காவிட்டால் தஞ்சாவூர்க்காரர் படித்ததுதான் கதை. மறுபதிப்புக் கோப்பை அச்சகத்துக்கு இன்னும் அனுப்பவில்லை.