480, 1000: உவர்மலை வீட்டில் ஒரு வேகக் கணக்கு

திருமண வீடியோக்களைப் படம்பிடிப்பது நான், அவற்றைத் தொகுப்பது அண்ணா. ஆகவே திருகோணமலை உவர்மலையில் உள்ள எங்கள் வீட்டின் முன்னறைக் கணினியில் இருந்து பின்னறைக் கணினிக்கு ஏறத்தாழ 200 கிகாபைட் கோப்புகளைக் கொண்டுசேர்ப்பது என் வாராந்த வேலையாக இருந்துவருகிறது. இரு கணினிகளையும் இணைக்கும் ஈதர்நெட் வயர் சுவரோரமாக ஓடியிருந்தும், யூஎஸ்பி 2.0 வகை வெளி வன்தட்டு ஒன்றில் பதிந்து கையில் எடுத்துச்செல்வதே விரைவானது என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை எவ்வளவு பிழையானது என்பதை அளந்து பார்த்த பிறகே அறிந்துகொண்டேன்.

இணைப்பின் வேகத்தைப் பிட்டிலும் கோப்பின் அளவைப் பைட்டிலும் சொல்வது வழக்கம். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே யூஎஸ்பி 2.0-இன் 480 மெகாபிட் என்பது விநாடிக்கு 60 மெகாபைட், கிகாபிட் ஈதர்நெட்டின் 1000 மெகாபிட் என்பது 125 மெகாபைட். ஆனால் இந்த இரண்டு எண்களும் நடைமுறையில் ஒரே அளவில் குறைவதில்லை. யூஎஸ்பி 2.0-இல் தரவு போவதும் வருவதும் ஒரே சோடிக் கம்பியில்தான். கணினி கேட்டால் மட்டுமே கருவி பதில் சொல்ல முடியும் என்பதால், ஒவ்வொரு கேள்விக்கும் பதிலுக்கும் இடையில் நேரம் கழிகிறது. என் வன்தட்டில் விநாடிக்கு 35 மெகாபைட்டுக்கு மேல் நான் கண்டதில்லை. கிகாபிட் ஈதர்நெட்டோ நான்கு சோடிக் கம்பிகளையும் இரு திசைகளிலும் ஒரே நேரத்தில் பயன்படுத்துகிறது. வயரில் செல்லும் ஒவ்வொரு 1538 பைட்டிலும் 1460 பைட் வரை கோப்பின் தரவாகவே இருப்பதால், 118 மெகாபைட்டுக்கு நெருக்கமாகப் போக இடமுண்டு. இரு கணினிகளிலும் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகம்) உள்ள எங்கள் வீட்டில் 112 கிடைக்கிறது. செப்புக் கம்பியில் கிகாபிட் வேகத்துக்கான தரம் 1999இல் வந்தது, யூஎஸ்பி 2.0 வந்தது 2000இல். வயதில் மூத்ததே வேகத்திலும் முந்தியது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

இதைவிடப் பெரிய வேறுபாடு ஒன்றை நான் நெடுநாள் கவனிக்கவேயில்லை. கையில் எடுத்துச்செல்லும் தட்டுக்கு இரண்டு முறை பிரதி எடுக்க வேண்டும்: முன்னறையில் எழுதுவதற்கு 95 நிமிடம், பின்னறையில் படிப்பதற்கு மேலும் 95 நிமிடம். வயரில் ஒரே முறைதான், அதுவும் 30 நிமிடம். மூன்று மணித்தியாலத்துக்கு மேல் தின்ற வேலை அரை மணித்தியாலத்தில் முடிகிறது.

ஆனால் முதல் நாள் சோதனையில் இந்த 30 நிமிடம் கிடைக்கவில்லை. வேகம் 11 மெகாபைட்டைத் தாண்டவில்லை, "இன்னும் வந்து முடியேல்லையோ தம்பி?" என்று அண்ணா பின்னறையில் இருந்து மூன்று தடவை கேட்டுவிட்டார். அந்த 11 என்ற எண்ணே காரணத்தைச் சொல்லிவிட்டது: இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கியிருந்தது. 100 மெகாபிட் ஈதர்நெட்டுக்கு இரண்டு சோடிகள் போதும், கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். மீதி இரண்டில் ஒன்று பழுதடைந்தாலும், பல நெட்வொர்க் கார்டுகள் இணைப்பை அறுத்துவிடாமல் வேகத்தை மட்டும் சத்தமின்றிக் குறைத்துக்கொள்ளும். பின்னறைச் சுவர்ப் பெட்டியைக் கழற்றியபோது நீலச் சோடியின் செப்பு முனைகளில் பச்சையாகக் களிம்பு படிந்திருந்தது. செம்பில் களிம்பு என்பதை ஆணவ மலத்துக்கு உவமையாகக் கோயில் சொற்பொழிவுகளில் கேட்டு வளர்ந்தவன் நான். வாடைக்காற்றின் உப்பீரம் அதை என் வீட்டுச் சுவருக்குள்ளேயே காட்டிவிட்டது. முனைகளை வெட்டி, புதிதாகப் பொருத்திய உடனே வேகம் 112 ஆனது. கடற்கரையோரம் வீடுள்ளவர்கள் ரவுட்டரையோ கணினியையோ குறைசொல்வதற்கு முன் இந்தப் பெட்டிகளைத் திறந்து பார்ப்பது நல்லது.

யூஎஸ்பி 3.0 இந்தக் கணக்கை மாற்றுகிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2008இல் வந்த அதன் வேகம் 5 கிகாபிட். 8 பிட் தரவை 10 பிட்டாக அனுப்பும் முறையால் அது விநாடிக்கு 500 மெகாபைட்டாகச் சுருங்கினாலும், எஸ்எஸ்டியில் 400 வரை எனக்குக் கிடைத்தது. இரண்டு முறை பிரதி எடுத்தாலும் 17 நிமிடத்தில் வேலை முடிந்துவிடும், வயர் தோற்றுவிடும். சுழலும் வன்தட்டை அதே துளையில் குத்தினால் இந்தப் பயன் கிடையாது. என்னிடம் உள்ள தட்டு அங்கே 120-ஐத் தாண்டியதில்லை. டைப்-சி என்பது முனையின் வடிவமே தவிர வேகம் அல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும், தொலைபேசியோடு வரும் சார்ஜர் வயர்கள் பலவற்றின் உள்ளே இருப்பது இன்னும் யூஎஸ்பி 2.0தான்.

ஆனாலும் தட்டைத் தூக்கிக்கொண்டு நடக்கும் பழக்கத்துக்குத் திரும்ப எனக்கு விருப்பமில்லை. 2016இல் தரமாக்கப்பட்ட 2.5 கிகாபிட் ஈதர்நெட், சுவரில் ஏற்கெனவே ஓடியிருக்கும் கேட் 5ஈ வகை ஈதர்நெட் வயரிலேயே 100 மீற்றர் வரை இயங்கும். இரு கணினிகளையும் நேரடியாகவே இணைத்திருப்பதால் எங்களுக்குப் புதிய சுவிட்ச் தேவையில்லை, ஒவ்வொரு முனைக்கும் ஓர் அடாப்டர் போதும். விநாடிக்கு 290 மெகாபைட் கிடைத்தால் 200 கிகாபைட் 12 நிமிடத்துக்குள் போய்ச் சேரும். ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கும் முன் அவற்றை வாங்கிப் பொருத்துவதாக அண்ணாவிடம் சொல்லியிருக்கிறேன்.